முகம் காத்திருக்கும், சிறுநீர்ப் பரிசோதனை காத்திருக்காது

கேள்வி: எனக்கு 26 வயது, ஊர் களுவாஞ்சிக்குடி. பேஸ்புக்கில் பார்த்து வாங்கிய வெள்ளைக் கிறீமை ஐந்து மாதம் இரவில் பூசினேன். நல்ல நிறம் வந்தது. நிறுத்திப் பத்து நாளாகிறது. முகம் சிவந்து எரிகிறது, முன்பைவிடக் கறுப்பாகவும் தெரிகிறது. தோல் புற்றுநோய் வருமா? லிப்ஸ்டிக்கில் ஈயம் இருக்கிறது என்கிறார்களே? பழைய கொம்பெக்ட் பவுடரைப் பாவிக்கலாமா? கலியாணத்துக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது, அதுவரைக்கும் அதே கிறீமைப் பூசட்டுமா? காலையில் கண் இமையும் கொஞ்சம் வீங்குகிறது, வெயில் சூடாக்கும்.

பதில்: பூச வேண்டாம் மகள். ஒரு நாளைக்குக்கூட வேண்டாம். இமை வீங்குவது வெயில் சூட்டாலும் இல்லை. கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பெரிய விஷயம்.

நாளைக்கே களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். கிறீம் பூசியதை மறைக்காமல் சொல்லி, சிறுநீர் முழுப் பரிசோதனை செய்யக் கேளுங்கள். காலையில் எழும்பியதும் போகும் முதல் சிறுநீர் நல்லது. தொடக்கத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். மாதவிடாய் நாளென்றால் சொல்லிவிடுங்கள், இரத்தம் கலந்தால் அறிக்கை குழம்பும். குருதி அமுக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரில் புரதம் போவது தெரிந்தால் குருதியில் அல்புமின், கிரியேற்றினின் பார்த்து, சிறுநீரக நிபுணரிடம் அனுப்புவார்கள்.

ஏன் இந்த அவசரம்? பெயர் விலாசம் இல்லாத வெள்ளைக் கிறீம்களில் அடிக்கடி சிக்குவது இரண்டு சரக்கு. ஒன்று பாதரச உப்பு, மற்றது அழற்சியை அடக்கும் கடுமையான மருந்தான ஸ்டீரொய்ட். பாதரசம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதைத் தடுக்கும், அதனால்தான் நிறம் வெளுக்கிறது. ஆனால் அது தோலோடு நிற்காது. உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். அங்குள்ள வடிகட்டி பழுதானால் குருதியில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரோடு ஒழுகும், உடம்பில் நீர் தேங்கும். காலையில் இமை, மாலையில் கணுக்கால். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் வெளுப்புக் கிறீம் பூசியவர்களிடம் இதே சிறுநீரக நோயைக் கண்டதாக வைத்தியர்கள் 2023இல் அறிவித்தார்கள். நல்ல செய்தியும் உண்டு: கிறீமை நிறுத்தி வேளைக்கே சிகிச்சைக்குப் போனால் பெரும்பாலானோருக்குச் சிறுநீரகம் மாதக் கணக்கில் தேறி வரும்.

இமை வீக்கம் ஒவ்வாமையாலும் வரலாம். அப்போது கடிக்கும், சிவக்கும், தோல் உரியும். கடியும் சிவப்பும் இல்லாமல், மெதுவாக, காலையில் கூடி மத்தியானத்தில் வற்றினால் சிறுநீரகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். மாலையில் கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது பெருவிரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால், அல்லது சிறுநீர் நுரைத்து அந்த நுரை அடங்காமல் நின்றால், அறிக்கை வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அல்லது மூச்சு வாங்கினால், இரவென்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். இந்த நோயில் குருதி உறையும் ஆபத்து உண்டு.

வீக்கத்துக்கு என்று பாமசியில் நீர் போகும் குளிசை வாங்கி விழுங்குவதும், நீர்முள்ளிக் கசாயம் குடித்துப் பார்ப்பதும் வேண்டாம். எரிவுக்கு டைக்ளோபெனாக், ஐபுபுரொபென் போன்ற வலிக் குளிசைகளும் கூடாது, அவை நொந்த சிறுநீரகத்தை இன்னும் நோகடிக்கும். உப்பையும் கருவாட்டையும் குறையுங்கள், அது போதும்.

கிறீம் டப்பியை எறியாதீர்கள். முற்றத்துக் குப்பையோடு சேர்த்து எரிக்கவே கூடாது, பாதரசம் ஆவியாகி வீட்டிலுள்ள எல்லோருடைய மூச்சிலும் போகும். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நீங்கள் பாவித்த தலையணை உறையையும் துவாயையும் வீட்டில் வேறு யாரும் தொட வேண்டாம். உங்களோடு படுக்கும் சின்னப் பிள்ளை இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கலியாணத்துக்குப் பிறகு பிள்ளை வேண்டுமென்று நினைத்திருப்பீர்கள். பாதரசம் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். சிறுநீர் அறிக்கை சரியாகி, வைத்தியர் சொல்லும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு முகநிறத்தைவிட இது முக்கியமில்லை என்றால், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லதுதான்.

இனி முகம். நிறுத்திய சில நாளில் சிவந்து எரிவது பெரும்பாலும் ஸ்டீரொய்டின் வேலை. அது தோலின் சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். நிறுத்தியதும் அவை விரிந்து பழிவாங்கும். திரும்பப் பூசினால் இரண்டு நாளில் அடங்கும், அதனால்தான் பலர் வருடக் கணக்கில் அதிலேயே கிடக்கிறார்கள். கடைசியில் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பருவும் முடியும் முளைத்து வருவார்கள். உங்களுடையது ஐந்து மாதம், மீளக்கூடியது. எரிவு சில வாரங்களில் குறையும், நிறம் ஒழுங்காகச் சில மாதம் எடுக்கும். தோல் கிளினிக்கில் ஸ்டீரொய்ட் இல்லாத களிம்பு தருவார்கள். அதுவரை குளிர்ந்த தண்ணீரால் இரண்டு நேரம் கழுவி, வாசனையில்லாத வாசலினை மெல்லியதாகப் பூசுங்கள். சவர்க்காரம், தேசிக்காய், மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம். யூடியூப் பார்த்து எரிகிற தோலில் தேசிக்காய் தேய்த்துக்கொண்டு வருகிறவர்களை என்ன சொல்ல? தலைசுற்று, வாந்தி, எழும்ப முடியாத சோர்வு வந்தால் அதே நாளில் ஆஸ்பத்திரி. ஸ்டீரொய்ட் உடம்புக்குள்ளும் போயிருக்கலாம்.

புற்றுநோய்ப் பயத்தை விடுங்கள், உங்கள் முகத்தில் நடப்பது அதுவல்ல. லிப்ஸ்டிக்கைத் தங்க மோதிரத்தால் தேய்த்துக் கறுப்புக் கோடு பார்க்கும் வீடியோ வெறும் கதை, அந்தக் கோட்டுக்கும் ஈயத்துக்கும் சம்பந்தமில்லை. விலாசமுள்ள கொம்பனி லிப்ஸ்டிக்கைப் போடுங்கள். கொம்பெக்ட் பவுடர் காலாவதியாகாமல், மணம் மாறாமல் இருந்தால் முகம் ஆறிய பிறகு போடலாம், ஆனால் பஞ்சை மாற்றுங்கள். மஸ்காராவை மட்டும் திறந்து மூன்று மாதத்தில் எறிந்துவிட வேண்டும். ஈயத்துக்குப் பயப்படுவதென்றால் கல்லை அரைத்துச் செய்யும் சுறுமாவுக்குப் பயப்படுங்கள். அந்தக் கல் பல நேரம் ஈயக் கல்லாகவே இருக்கும், அதைக் குழந்தையின் கண்ணில் போடவே கூடாது.

அடுத்த முறை கடையில் என்ன பார்ப்பது? மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பென்சி கடையில் டப்பியை வாங்கிப் பின்பக்கம் திருப்புங்கள். செய்தவர் பெயர் விலாசம், இறக்குமதியாளர் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, அச்சிட்ட விலை, சேர்மானங்கள் என எல்லாம் இருக்க வேண்டும். கையால் நிரப்பிய ‘மிக்ஸ்’ டப்பியில் இவை ஒன்றும் இருக்காது. கலோமெல், மேர்க்கியுரஸ் குளோரைட், அமோனியேற்றட் மேர்க்கரி என்பவை பாதரசம். குளோபெட்டசோல், பீட்டாமெதசோன், மொமெட்டசோன் ஸ்டீரொய்ட். வைத்தியரின் துண்டு இல்லாமல் அவை முகத்துக்கு ஆகாது. ‘நகையில் படவிடாதீர்கள்’ என்று எழுதியிருந்தால் பாதரசம் என்று பிடித்துக்கொள்ளுங்கள், தங்கத்தோடும் வெள்ளியோடும் அது ஒட்டும். மேல்தோல் புதிதாக ஏறக்குறைய நான்கு வாரம் எடுக்கும். ‘ஏழு நாளில் வெள்ளை’ என்று விற்கிறவர் உள்ளே என்ன போட்டிருப்பார் என்று யோசியுங்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்த, இலங்கையும் கைச்சாத்திட்ட மினமாட்டா உடன்படிக்கைப்படி, 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த அழகுசாதனத்தைச் செய்யவோ இறக்கவோ கூடாது. உங்களுக்கு விற்ற பேஸ்புக் பக்கத்தைப் பற்றிப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம், பணம் கட்டிய பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கலியாண அலங்காரத்துக்கு இப்போதே பியூட்டிஷியனிடம் பேசுங்கள். அவர் பாவிக்கும் பவுண்டேஷனில் கொஞ்சம் வாங்கி, முழங்கையின் உட்பக்கத்தில் ஒரே இடத்தில் நாளுக்கு இரண்டு முறையாக ஏழு நாள் பூசிப் பாருங்கள். கடியோ தடிப்போ வராவிட்டால் முகத்தில் போடலாம். பிளீச்சும் ‘கோல்டன் பேஷியலும்’ அவர் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.