8 சிம்பிள் ரூல்ஸ் சீரியல்ல அப்பாவா நடிச்சவர் நடுவுலயே இறந்துட்டாரே, அப்புறம் எப்படி ஓட்டுனாங்க?

ஆள மாத்தல, அதான் விஷயம். அமெரிக்காவோட ஏபிசி சேனல்ல 2002 செப்டம்பர்ல ஆரம்பிச்ச காமெடி சீரியல் இது, ஜான் ரிட்டர் தான் அப்பா பால் (Paul), பேப்பர்ல எழுதுறவர், மனைவி கேட் நர்ஸ் வேலைக்கு திரும்ப போயிடவும் பிரிட்ஜெட், கெர்ரி, ரோரின்னு மூணு டீன் ஏஜ் பசங்கள சமாளிக்கிற பொறுப்பு இவர் தலையில விழும், முதல் சீசன் முழுக்க அந்த கூத்துதான்.

2003 செப்டம்பர் 11, ரெண்டாவது சீசன் ஷூட்டிங்ல இருக்கும்போதே ரிட்டருக்கு உடம்பு முடியாம போய், அன்னைக்கே இறந்துட்டார். வயசு 54 தான். இதயத்துலருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சிடுச்சு.

அப்போ மூணு எபிசோட் முடிச்சு வச்சிருந்தாங்க, அத போட்டுட்டு நவம்பர்ல 'குட்பை'ன்னு ஒரு மணி நேர எபிசோட் வந்துச்சு. கதைப்படி குடிக்கிற பால் வாங்க கடைக்கு போன அப்பா அங்கேயே விழுந்து இறந்துடுறார். ஆடியன்ஸ் இல்லாம எடுத்தாங்க, சிரிப்பு சத்தமே இருக்காது, காமெடி சீரியல்ல அந்த அமைதி ஒரு மாதிரி இருக்கும். மனைவி கேட் கேரக்டர்ல நடிச்ச கேட்டி சீகல பாருங்க, நடிக்கிற மாதிரியே தெரியாது.

அப்புறம் தாத்தாவா ஜேம்ஸ் கார்னரும், சொந்தக்கார பையனா டேவிட் ஸ்பேடும் வந்தாங்க. என்னைக் கேட்டா பழைய ருசி வரல. 2005ல மூணாவது சீசனோட நிறுத்திட்டாங்க. அந்த பிரிட்ஜெட் பொண்ணு தான் பின்னாடி 'பிக் பேங் தியரி' சீரியல்ல பென்னியா வந்த கேலி குவோகோ.