துணியின் அடிப்பக்கம்

அன்புள்ள சார்,

நான் ஊட்டியில் இருக்கிறேன். தோடர் பெண்கள் போடும் பூவேலையைப் பற்றிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு குறும்படம் எடுக்க ஆசை. புகைப்படக்காரர்களாக இருந்து சினிமாவுக்கு வந்தவர்களின் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். ஃபிரேம் வைக்க ஓரளவு வந்துவிட்டது, ஆனால் படம் எப்படி நகர வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை. யாரைப் பார்க்கலாம்?

- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பட்டியலை நீட்டாதீர்கள். உங்கள் படத்துக்கு இரண்டு பேர் போதும்.

முதலில் ஆக்னஸ் வர்தா. பாரிஸில் ஒரு நாடகக் குழுவுக்குப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்து, 1955இல் சினிமாவுக்கு வந்தவர். 1970களின் நடுவில், சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுத் தூரம் போக முடியாத சமயத்தில், தன் வீட்டு மின்சாரத்திலிருந்து ஒரு வயரை இழுத்து அது எட்டுகிற தூரத்துக்குள் இருந்த கடைக்காரர்களை மட்டும் வைத்து 'டாகேரியோடைப்ஸ்' எடுத்தார். ரொட்டி சுடுபவர், தையல்காரர், கறிக்கடைக்காரர் என்று வேலை செய்கிற ஆட்கள். வேலை முடிகிறவரை கேமரா பொறுமையாக நிற்கும், யாரையும் அவசரப்படுத்தாது. நீங்களும் அப்படி ஒரே ஒரு மந்தில், அதாவது ஒரே ஒரு தோடர் குடியிருப்பில், ஒரே ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிடுங்கள், ஊர் ஊராக அலையவே வேண்டாம்.

அடுத்து க்ரிஸ் மார்க்கரின் 'லா ஜெட்டே', 1962. 28 நிமிடமும் அசையாத புகைப்படங்கள்தான், ஒரே ஒரு இடத்தில் மட்டும் படுத்திருக்கும் பெண் கண் திறக்கிறாள், அந்தச் சில நொடி மட்டும் அசையும். அதைப் பார்த்த பிறகு எந்த ஷாட் அசைய வேண்டும், எது சும்மா இருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் கேட்கத் தோன்றும். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். முடிந்த சால்வையை நிழற்படமாகவே காட்டிவிடலாம், அதற்கு வீடியோ எதற்கு? அசைய வேண்டியது ஊசி.

அந்த ஊசி விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தோடர் பூவேலையில் துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டம் கிடையாது, துணியில் முன்கூட்டி வரைந்துகொள்வதும் கிடையாது. வெளிறிய முரட்டுப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமாக நூலை ஓட்டுகிறார்கள். தைப்பவர் பார்த்துத் தைக்கும் பக்கம் ஒன்று, நாம் பார்க்க வேண்டிய பக்கம் அதன் மறுபுறம். அங்கேதான் சின்னச் சின்ன நூல் வளையங்கள் விட்டு, தொட்டால் புடைப்பாகத் தெரிகிற மாதிரி வரும். தோளுக்கு மேலிருந்து மட்டும் எடுத்தீர்களென்றால் இது மொத்தமும் போய்விடும். தாழ்வாகப் படுத்து, துணிக்கு அடியில் கேமராவை வைத்து, ஊசி முனை எந்த இழைக்கு நடுவில் எட்டிப் பார்க்கிறது என்று எடுங்கள், ஒரே ஷாட்டில் ஒரு வரிசை முழுக்க. பின்னணி இசையை அங்கே தொடவே தொடாதீர்கள்.

ஹெலன் லெவிட்டையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள், நியூயார்க் தெருவில் ஆட்களுக்குத் தெரியாமல் எடுத்தவர். பிரமாதமான கண், ஆனால் அந்த வழி இங்கே கூடாது. 2013இல் இந்தப் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு படம் எடுக்க வருகிறவர்களை அந்தப் பெண்கள் நிறையப் பார்த்திருப்பார்கள், கேமரா எங்கே இருக்கிறது என்று தெரிந்தே அவர்கள் வேலை செய்யட்டும், அந்த நாளுக்கான கூலியையும் பேசிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், எடிட் முடிந்ததும் எனக்கு அனுப்பும் முன் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். இழை எண்ணுகிற இடத்தில் வெட்டு தப்பாக விழுந்திருந்தால் அவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள்.