வீட்டு ரவுட்டரின் லேன் அமைப்பு: கேள்வி பதில்

ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். லேன் என்பது வீட்டுக்குள் இருக்கும் கருவிகளை இணைக்கும் நெட்வொர்க். அதில் ரவுட்டரின் முகவரி (ஐபி) 192.168.1.1 என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்களுடையது வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போக பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் எதுவும் திறக்கவில்லையே?

எல்லா ரவுட்டருக்கும் அதே முகவரி கிடையாது. வைஃபை இணைப்பின் விவரங்களில் 'கேட்வே' என்று ஓர் எண் இருக்கும், அதை அடித்துப் பாருங்கள். போனில் முயன்றால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: பிரிண்டரின் ஐபி அடிக்கடி மாறியது. பிரிண்டரிலேயே 192.168.1.5 என்று கையால் போட்டேன். இப்போது பிரிண்டர் சரி, ஆனால் சில நேரம் என் போனில் இணையம் நின்றுவிடுகிறது. சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுப்பது ரவுட்டரில் இருக்கும் டிஹெச்சிபி. அது கடைசி எண்ணாக 2 முதல் 254 வரை எதை வேண்டுமானாலும் கொடுக்கும்படி இருந்தால், நீங்கள் 5-ஐ எடுத்துக்கொண்டது அதற்குத் தெரியாமல் போகலாம். அதுவும் பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில் காலியாக இருக்கிறதே என்று 5-ஐப் போனுக்குக் கொடுத்துவிடும். அப்புறம் பிரிண்டரைப் போட்டதும் ஒரே முகவரிக்கு இரண்டு பேர்.

தீர்வு இரண்டு. டிஹெச்சிபி வரம்பை 100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டு, கையால் போடுவதையெல்லாம் 100-க்குக் கீழே வைப்பது ஒன்று. பிரிண்டரைத் தானியங்கி முறைக்கே திருப்பிவிட்டு, அதன் மேக் முகவரிக்கு (கருவியின் அடையாள எண்) இன்ன ஐபி என்று ரவுட்டரில் ரிசர்வேஷன் போடுவது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எல்லாக் கணக்கும் ஒரே இடத்தில் இருக்கும். எந்தக் கருவியில் என்ன எண் போட்டேன் என்று பிறகு தேடி அலைந்த அனுபவம் எனக்கு உண்டு.

கேள்வி: போனுக்கு ரிசர்வேஷன் போட்டும் வேறு ஐபிதான் வருகிறது.

ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கி போன்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் வேறொன்றைக் காட்டுகின்றன. உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணையுங்கள்.

கேள்வி: மாடிக்குப் பழைய ரவுட்டர் ஒன்றை இணைத்தேன். இணையம் வருகிறது, ஆனால் மாடியில் இருக்கும் டிவி கீழே உள்ள போனுக்குத் தெரியவில்லை.

கேபிளை அதன் வான் போர்ட்டில் (வெளியிலிருந்து இணையம் வரும் துளை) செருகியிருப்பீர்கள். அதனால் அது மாடிக்கென்று தனி நெட்வொர்க் நடத்துகிறது. அதில் 'ஆக்சஸ் பாயின்ட்' முறை (தனி நெட்வொர்க் நடத்தாமல் வைஃபை மட்டும் கொடுப்பது) இருந்தால் அதற்கு மாற்றினாலே போதும்.

இல்லையென்றால், கேபிளைக் கழற்றிவிட்டுக் கணினியைப் பழைய ரவுட்டரோடு மட்டும் இணையுங்கள். அதன் லேன் ஐபியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். (அந்த எண்ணும் முதல் ரவுட்டரின் டிஹெச்சிபி வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும்.) சேமித்ததும் பக்கம் தொங்கிவிடும், பயப்பட வேண்டாம், புதிய முகவரியில் திறந்தால் வரும். பிறகு டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, கேபிளை லேன் போர்ட்டில் செருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்காமல் செருகினால் முகவரி கொடுக்க இரண்டு பேர் போட்டிபோடுவார்கள், அது இப்போது இருப்பதைவிட மோசம்.

கேள்வி: சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று இருக்கிறது. மாற்றினால் வேகம் கூடுமா?

வேகம் கூடாது. ஒரு நெட்வொர்க்கில் எத்தனை முகவரிகள் என்பதைத்தான் அது முடிவு செய்கிறது. இதில் 254 முகவரிகள் கிடைக்கும், வீட்டுக்கு அது தாராளம். தொடாதீர்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் போட்டால் அங்குள்ள சர்வர் திறப்பதில்லை. இரண்டு இடத்திலும் முகவரிகள் 192.168.1 என்றுதான் தொடங்குகின்றன.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கணினி அந்த சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. வீட்டு ரவுட்டரின் லேன் ஐபியை 192.168.73.1 போல அதிகம் பேர் வைக்காத ஒன்றாக மாற்றுங்கள். 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168-இல் தொடங்குபவை, இந்த மூன்றுக்குள் மட்டும் எடுங்கள். தனி நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கப்பட்டவை இவைதான். மாற்றியதும் ரிசர்வேஷன்களையும் சரிபாருங்கள்.

கேள்வி: எதையோ மாற்றிவிட்டேன், உள்ளேயே போக முடியவில்லை. ரீசெட் செய்யலாமா?

முதலில் கேட்வே எண்ணைப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே முடிந்துவிடும். ரீசெட் செய்தால் இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்தே அழிந்துவிடும். அவை கையில் இருந்தால் மட்டும் அந்தப் பொத்தானைத் தொடுங்கள்.