யாரிடம் செய்த ஆய்வு அது? – மார்பகப் புற்றுநோய் கேள்வி பதில்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. புற்றுநோய் ஆய்வுப் பிரிவில், சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து விவரம் சேகரிக்கும் வேலை பார்த்தவள். அதனால் உங்கள் மாத்திரையை மாற்று, நிறுத்து என்று சொல்ல மாட்டேன். எந்த ஆய்வு, எத்தனை பேரிடம் செய்தது, என்ன கிடைத்தது என்று மட்டும் சொல்கிறேன். மற்றதை உங்கள் டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருச்சி, வயது 29): அக்கா, அம்மாவுக்கு 46 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. அம்மாவின் அக்காவுக்குச் சினைப்பையில். எனக்கும் வந்துவிடுமா? மரபணு டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: அம்மாவுக்கோ உடன்பிறந்தவளுக்கோ இருந்தால் ஒரு பெண்ணுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆனால் மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் வருபவை. உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு இளம் வயதில் மார்பகத்தில், இன்னொருவருக்குச் சினைப்பையில் என்று இருப்பதால், அந்தச் சிறு கூட்டத்தில் நீங்கள் இருக்கிறீர்களா என்று பார்ப்பது நியாயம்தான்.

பரம்பரையாக மார்பகப் புற்றுநோய் வரக் காரணமான ஒரு மரபணு 17ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று 1990இல் காட்டியவர் மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அதுதான் பிஆர்சிஏ1. அடுத்து பிஆர்சிஏ2 கிடைத்தது. 2017இல் வந்த பெரிய ஆய்வின்படி, பிஆர்சிஏ1இல் பழுது உள்ள பெண்களில் 72 சதவீதம் பேருக்கும், பிஆர்சிஏ2இல் பழுது உள்ளவர்களில் 69 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. அம்மாவிடம் அந்தப் பழுது இருந்தால் அது உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி.

டெஸ்ட்டை முதலில் நீங்கள் எடுக்காதீர்கள். நோய் வந்த அம்மாவுக்கு எடுக்கச் சொல்லுங்கள். அவரிடம் பழுது இன்னதென்று தெரிந்தால், உங்களிடம் அது இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியும். அவருக்கு எடுக்காமல் உங்களுக்கு மட்டும் எடுத்து 'ஒன்றும் இல்லை' என்று வந்தால் அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. நம் ஊர்ப் பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'மாற்றம் இருக்கிறது, ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை' என்றும் ரிப்போர்ட் வரலாம். ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுகளில் பெரும்பகுதி மேல்நாட்டுப் பெண்களுடையது என்பதே காரணம். அப்படி வந்தால் அதை வைத்து அறுவை சிகிச்சை முடிவு எதையும் எடுக்கக் கூடாது. பழுது உறுதியானால் 25 வயதிலிருந்தே ஆண்டுக்கொரு எம்ஆர்ஐ எடுப்பது வழக்கம். உங்களுக்கு 29. ஆகவே தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி (சேலம்): கறுப்பு பிரா, இறுக்கமான பிரா, அக்குள் ஸ்ப்ரே. இவற்றால் வருமாமே?

பதில்: வராது. பிராவை மட்டும் வைத்தே அமெரிக்காவின் சியாட்டிலில் ஓர் ஆய்வு செய்து 2014இல் வெளியிட்டார்கள். கப் அளவு, கம்பி, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்று எல்லாம் கேட்டார்கள். எதற்கும் தொடர்பில்லை. நிறத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை, அதற்காக வருத்தப்படவும் வேண்டாம்.

கேள்வி (மதுரை, ஆசிரியை): மாதா மாதம் நாமே தடவிப் பார்க்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லித் தருகிறோம். அதனால் பயனே இல்லை என்று ஒரு டாக்டர் சொல்கிறாரே?

பதில்: இதை நிதானமாகப் பார்க்கலாம் டீச்சர். அவர் மனதில் இருப்பது ஷாங்காய் ஆய்வு. 1989இல் தொடங்கியது. துணி ஆலைகளில் வேலை பார்த்த 2,66,064 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தடவிப் பார்க்க ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார்கள். சிலிக்கோனால் செய்த பொம்மை மார்பகங்களை வைத்துப் பயிற்சி தந்து, அடிக்கடி நினைவூட்டினார்கள். பத்து வருடம் கழித்து எண்ணினால், கற்ற குழுவில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 135, கற்காத குழுவில் 131. வித்தியாசம் இல்லை. கற்ற குழுவில் கூடியது என்னவென்றால், சாதாரணக் கட்டிக்காக ஊசி குத்தி, வெட்டிப் பார்த்தவர்களின் எண்ணிக்கை.

ஆனால் அதே கேள்வியை மும்பை டாடா நினைவு மருத்துவமனை வேறு விதமாகக் கேட்டது. 1998 முதல் குடிசைப் பகுதிகளில் வாழும், 35 முதல் 64 வயதுக்குட்பட்ட 1,51,538 பெண்கள். இங்கே பெண்கள் தாங்களே பார்த்துக்கொள்வதோடு விடவில்லை. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே இல்லை, மெஷின் எதுவும் இல்லை. 2021இல் முடிவு வந்தது. முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பரிசோதித்த குழுவில் 37 சதவீதம், மற்றதில் 47. ஐம்பதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படிப் பலன் தெரியவில்லை, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

என் அபிப்பிராயம் இது. மாதம் இன்ன தேதி, இன்ன வட்டத்தில் விரலை நகர்த்து என்று பரீட்சை போல நடத்த வேண்டாம். குளிக்கும்போது கை படுகிறது அல்லவா, தன் மார்பகம் சாதாரணமாக எப்படி இருக்கும் என்று ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருந்தால் போதும். புதிதாகக் கட்டி, காம்பு உள்ளே இழுப்பது, ரத்தக் கசிவு, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போல ஆவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த வாரமே காட்ட வேண்டும். வலி இல்லையே என்று காத்திருப்பதுதான் நம் பெண்கள் செய்யும் பெரிய தவறு. ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. முப்பது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் பார்ப்பார், கேளுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், சிகிச்சை முடிந்தவர்): இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டிரண்டு வருடம் தாய்ப்பால் கொடுத்தேன். பால் கொடுத்தால் வராது என்றார்களே, எனக்கு ஏன் வந்தது?

பதில்: 'வராது' என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை அம்மா. 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2002இல் கணக்கிட்டார்கள். மொத்தமாக 12 மாதம் பால் கொடுத்தால் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது. நீங்கள் 48 மாதம் கொடுத்திருக்கிறீர்கள், அதற்குண்டான குறைவு உங்களுக்குக் கிடைத்தே இருக்கும். மிச்ச அபாயம் மிச்சமாகவே இருந்தது. பல லட்சம் பேரின் சராசரி ஒரு தனி ஆளுக்குத் தீர்ப்பு சொல்லாது. பால் கொடுத்ததில் குறை வைத்துவிட்டீர்கள் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சைக் காதில் போடாதீர்கள்.

கேள்வி (கோவை, வயது 51): மாதவிலக்கு நின்றபின் வரும் உடல் எரிச்சலுக்கு ஹார்மோன் மாத்திரை எடுத்தால் புற்றுநோய் 26 சதவீதம் கூடும் என்று படித்துப் பயந்துவிட்டேன்.

பதில்: அது 2002இல் அமெரிக்காவில் பாதியிலேயே நிறுத்தப்பட்ட ஆய்வு. 16,608 பெண்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜஸ்டின் என்ற இரண்டு பெண் ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரை. 26 சதவீதம் சரிதான், ஆனால் எதில் 26? மாத்திரை எடுக்காத பத்தாயிரம் பெண்களில் வருடத்துக்கு 30 பேருக்கு வந்தது, எடுத்தவர்களில் 38 பேருக்கு. எட்டுப் பேர் கூடுதல். இது சின்ன விஷயம் என்று சொல்லவில்லை, ஆனால் நாலில் ஒருவருக்கு வரும் என்று நினைத்துப் பயந்தீர்களே, அது இல்லை. அப்புறம், கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவே இல்லை. ஆக, உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கிறதா, எந்த மாத்திரை, எத்தனை வருடம் என்று பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

கேள்வி (சென்னை): வராமல் தடுக்க மாத்திரை உண்டா?

பதில்: அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு உண்டு, டமோக்சிஃபென். 1998இல் வெளியான ஆய்வில் 13,388 பெண்கள். ஐந்து வருடம் தினம் 20 மில்லிகிராம். ஆயிரம் பேரில் 43 பேருக்கு வந்திருக்க வேண்டியது 22 ஆனது. விலையும் உண்டு. ஐம்பது தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோயும் ரத்தக்கட்டும் கூடின. அதனால்தான் சும்மா பயத்துக்காக யாரும் எழுதித் தர மாட்டார்கள். இத்தாலியில் 500 பெண்களிடம் 5 மில்லிகிராம், மூன்றே வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். மார்பகத்தில் புற்றுநோய்க்கு முந்தைய நிலை மாற்றங்கள் ஏற்கெனவே கண்டவர்கள் இவர்கள். அவர்களில் நோய் திரும்புவது பாதியானது. குறைந்த அளவு மாத்திரை இப்போது பேச்சில் இருப்பது இதனால்தான்.

கேள்வி (ஈரோடு, சிகிச்சை முடிந்தவர்): சோயா சாப்பிடலாமா? சர்க்கரையை அறவே விட வேண்டுமா?

பதில்: சோயா சாப்பிடலாம். ஷாங்காயில் நோய் வந்த 5,042 பெண்களைப் பின்தொடர்ந்ததில், சோயா அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. அமெரிக்காவில் 3,088 பெண்களில் ஒரு பாதிக்குக் காய்கறி, பழத்தை ஏராளமாகக் கூட்டி, கொழுப்பைக் குறைத்துப் பார்த்தார்கள். ஏழு வருடத்துக்குப் பிறகு நோய் திரும்பியவர்கள் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 17 சதவீதம். எனவே வெள்ளிக்கிழமை ஒரு கரண்டி பாயசம் சாப்பிட்டதற்காக அழ வேண்டாம். எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான், பல மார்பகப் புற்றுநோய்களை வளர்ப்பது அந்த ஹார்மோன்.

கேள்வி (நாகர்கோவில், வயது 57): அக்குளில் நெறி எடுத்தபின் இடது கை கனக்கிறது. குடம் தூக்காதே, துணி பிழியாதே என்கிறார்கள். கை சும்மாவே கிடக்கிறது.

பதில்: இந்த அறிவுரையை மாற்றியது 2009இல் வந்த ஆய்வு. கை வீங்கிய 141 பெண்களில் பாதிப் பேரை வாரம் இரண்டு முறை எடை தூக்க வைத்தார்கள். கைக்கு அளவான இறுக்க உறை போட்டு, மிகக் குறைந்த எடையில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டினார்கள். வீக்கம் கூடவில்லை. திடீரென்று மோசமானவர்கள் தூக்கியவர்களில் 14 சதவீதம், தூக்காதவர்களில் 29. நாளைக்கே நிறைகுடம் தூக்குங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பிசியோதெரபிஸ்ட் பார்வையில் ஆரம்பியுங்கள்.

வீட்டில் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தையல்காரர் டேப் போதும். முழங்கை மடிப்பிலிருந்து மேலே பத்து சென்டிமீட்டர், கீழே பத்து சென்டிமீட்டரில் பேனாவால் புள்ளி வைத்து, இரண்டு கைகளையும் சுற்றி அளந்து நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். டேப்பை இறுக்க வேண்டாம், தோலைத் தொட்டால் போதும். இரண்டு கைக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் காட்டுங்கள். டேப் சொல்வதற்கு முன்னாலேயே ரவிக்கைக் கை ஒரு பக்கம் இறுகும், வளையல் தடம் பதியும். அதைச் சொன்ன பெண்கள் பலர், அளந்து பார்த்தால் அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கும். கை சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அது கிருமித் தொற்று.

கேள்வி (புதுச்சேரி): லெட்ரோசோல் சாப்பிடுகிறேன். காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள். நோய் திரும்பாமலிருக்க, உடலில் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மாத்திரை அது. அந்த மூட்டு வலி மாத்திரையால் வருவதே, உங்கள் கற்பனை இல்லை. 2015இல் வந்த ஆய்வில் 121 பெண்களில் ஒரு பாதி, வாரம் 150 நிமிடம் நடையும் இரண்டு முறை எடைப் பயிற்சியும் ஒரு வருடம் செய்தார்கள். அவர்களுக்கு வலி 29 சதவீதம் குறைந்தது. அதிலும் தீராவிட்டால் அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள்.

கேள்வி (பெங்களூரு, வயது 33): கல்யாணமாகி ஆறு மாதத்தில் நோய். சிகிச்சை முடிந்தது, ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் ஹார்மோன் மாத்திரை பத்து வருடம் என்கிறார்கள். குழந்தை?

பதில்: உங்களைப் போன்றவர்களுக்காகவே ஓர் ஆய்வு நடந்து 2023இல் வெளியானது. 42 வயதுக்கு மேற்படாத 516 பெண்கள், ஒன்றரை முதல் இரண்டரை வருடம் மாத்திரை எடுத்தபின், குழந்தைக்காக இரண்டு வருடம் வரை நிறுத்தினார்கள். மூன்று வருடக் கணக்கில் நோய் திரும்பியது 8.9 சதவீதம். நிறுத்தாதவர்களைப் பற்றிய பழைய ஆய்வில் 9.2. கணக்கில் எடுத்த 497 பேரில் 317 பேர் பிள்ளை பெற்றார்கள். ஹார்மோனால் வளரும் இந்த வகை நோய் பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் திரும்பக்கூடியது, மூன்று வருடக் கணக்கு அதற்குப் போதாது. அதனால் குழந்தை பிறந்ததும் மாத்திரையைத் திரும்பத் தொடங்குவது முக்கியம். சினைமுட்டை சேமிக்கவில்லை என்றாலும் மனம் விடாதீர்கள், மகப்பேறு டாக்டரையும் புற்றுநோய் டாக்டரையும் ஒரே நேரத்தில் பேச வையுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி, கணவர்): அக்கா, சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிறது. எப்போதும் களைப்பு என்கிறாள். பக்கத்தில் வந்தால் விலகுகிறாள்.

பதில்: தம்பி, கேட்டதே நல்லது. களைப்பு கீமோ முடிந்து மாதக்கணக்கில் நீடிக்கும், தூங்கினாலும் போகாது. இதற்கு ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பலன் காட்டியது மிதமான நடைப்பயிற்சி. விலகுவதற்குப் பாதிக் காரணம் உடம்பிலேயே இருக்கும். கீமோவும் ஹார்மோன் மாத்திரையும் பிறப்புறுப்பில் வறட்சியை உண்டாக்கும், வலிக்கும், அதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். ஹார்மோன் இல்லாத ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். தழும்பை முதலில் அவள் பார்க்கட்டும், அப்புறம் உங்களுக்குக் காட்டட்டும். அவசரம் வேண்டாம். மாலையில் அவளோடு நீங்களும் நடக்கப் போங்கள்.

கேள்வி (வேலூர்): ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். நாங்கள் என்ன சோதனை எலியா?

பதில்: நம் நாட்டில் 11 மையங்களில் 1,600 பெண்கள் சேர்ந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அறுவை சிகிச்சைக்குச் சில நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றி, மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன் ஊசியைப் போட்டார்கள். பல் டாக்டர் போடுகிற, விலை மலிவான அதே மருந்து. ஐந்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 90.1 சதவீதம், போடாதவர்களில் 86.4. 2023இல் வெளியானது. எந்த மருந்துக் கம்பெனிக்கும் இதில் பெரிய லாபம் இல்லை, அந்தப் பெண்கள் சேர்ந்திருக்காவிட்டால் தெரிந்தே இருக்காது.

சேர்வதும் சேராததும் உங்கள் இஷ்டம். சேராவிட்டாலும் வழக்கமான சிகிச்சை கிடைத்தாக வேண்டும், சேர்ந்தபின் நடுவில் விலகவும் உரிமை உண்டு. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கவிளைவு வந்தால் செலவு யாருடையது, ராத்திரியில் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும் என்ற இரண்டும் அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.