பொங்கல் இலையில் எது, எவ்வளவு? சர்க்கரை நோயாளிகளின் கேள்விகளுக்குப் பதில்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பொங்கல் சமையலைப் பற்றியவை. பாதிக்கு மேற்பட்ட கடிதங்களில் மாத்திரையின் பெயரே இல்லை. தயவுசெய்து எழுதுங்கள். அது தெரியாமல் நான் சொல்லும் பதில் அரைப் பதில்தான்.

கேள்வி: வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி போட்டுச் சர்க்கரைப் பொங்கல் வைத்தால் அப்பா தாராளமாகச் சாப்பிடலாமா? (தூத்துக்குடி வாசகி)

கூடாது. வெள்ளைச் சர்க்கரை 100 கிராமில் 100 கிராமும் சர்க்கரை என்றால், வெல்லத்திலும் கருப்பட்டியிலும் 85, 90 கிராம். கருப்பட்டிக்கு மணம் உண்டு, கொஞ்சம் இரும்புச்சத்து உண்டு. ரத்தத்துக்கு அது சர்க்கரைதான். தேனும் நாட்டுச் சர்க்கரையும் இதே வரிசைதான்.

கேள்வி: எட்டுப் பேர் கொண்ட வீடு. மாமனாருக்கும் எனக்கும் சர்க்கரை. எங்கள் இருவருக்கும் தனியாகச் சமைப்பதா? (கும்பகோணம் வாசகி)

தனியாகச் சமைக்காதீர்கள் அம்மா. பண்டிகை நாளில் ஒருவருக்கு மட்டும் தனிப் பாத்திரம் வைத்தால், அவர் மற்றவர் இலையைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவார். மாலையில் அடுக்களைக்குள் போய் மூடியைத் திறப்பார். எல்லோருக்கும் ஒரே சமையல் இருக்கட்டும், அளவை மட்டும் மாற்றுங்கள்.

வழக்கமாக ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு வெல்லம் போடுகிறோம். அப்படிச் செய்த பொங்கல் 100 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 40 கிராம். அரிசியும் பாசிப்பருப்பும் சம அளவு போட்டு, வெல்லத்தை ஒரு பங்காகக் குறையுங்கள். ஏலமும் நெய்யில் வறுத்த முந்திரியும் குறைவைத் தெரியவிடாது. அதில் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 50 கிராம், மாவுச்சத்தில் ஓர் இட்லிக்குச் சமம். அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்துவிடுங்கள்.

வெண்பொங்கலிலும் பருப்பைக் கூட்டுங்கள். அவரை, மொச்சை, கத்தரி, பூசணி, கீரை எல்லாம் இலையின் பாதியை நிரப்பட்டும். பச்சை மொச்சை கிடைக்கிற மாதம் இது, விட்டுவிடாதீர்கள். ஆனால் சர்க்கரைவள்ளி, சேனை, சிறுகிழங்கு மூன்றையும் குழம்பில் போட்டுவிட்டு அதைக் காய்க் கணக்கில் எழுத வேண்டாம். கிழங்கு சோற்றின் பங்காளி.

இன்னொன்று, இலையில் இனிப்பைத்தான் முதலில் தொடுகிறோம். அன்று அதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் கூட்டும் பொரியலும், அடுத்துச் சோறு, கடைசியில் இனிப்பு. அதே உணவை இந்த வரிசையில் உண்டாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக ஏறுகிறது. கை கழுவியதும் படுக்காமல் 15 நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: எனக்குச் சுகர் கொஞ்சம் அதிகம். பொங்கலுக்கு என்ன சாப்பிடலாம்?

கொஞ்சம் என்றால் எவ்வளவு ஐயா? 160-ஆ, 360-ஆ? வயது இல்லை, மாத்திரை இல்லை, சிறுநீரகம் எப்படி என்று இல்லை. மேலே உள்ள பதிலைப் படியுங்கள். குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றிலும், சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரத்திலும் பார்த்து, இரண்டு எண்களோடு மறுபடி எழுதுங்கள். இரண்டாவது எண் 180-க்குள் இருப்பது நல்லது.

கேள்வி: கரும்பு?

கடித்து மென்றால் ஒரு கணுத் துண்டு. சாறாக வேண்டவே வேண்டாம். ஒரு தம்ளர் சாற்றில் ஐந்தாறு தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் குடித்துவிடலாம் என்பதுதான் அதில் ஆபத்து.

கேள்வி: ஒரு நாள்தானே டாக்டர்! பண்டிகையன்று மாத்திரை ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொண்டு இனிப்பு சாப்பிட்டால் சரியாகிவிடாதா? (மதுரை வாசகர்)

ஒவ்வொரு ஆண்டும் தீபாவளிக்கு ஒரு முறை, பொங்கலுக்கு ஒரு முறை இந்தக் கடிதம் வருகிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு கலங்குகிறது.

கூடுதலாகப் போடுவது மெட்ஃபார்மினா? அது அந்த வேளை உண்ட இனிப்பை இறக்காது. வயிற்றைத்தான் கெடுக்கும். உடம்பில் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடா? அங்கேதான் உயிராபத்து. இனிப்பால் ஏறிய சர்க்கரை மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடும். மாத்திரையோ நாள் முழுதும் வேலை செய்துகொண்டே இருக்கும். மதியம் வயிறு நிறைய உண்டவர் இரவில் "பசியில்லை" என்று மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுப்பார். நள்ளிரவில் சர்க்கரை 70-க்குக் கீழே போகும்.

ஒரு மாட்டுப் பொங்கல் இரவு, அறுபது வயதைத் தாண்டிய ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. என்ன கேட்டாலும் வாய்க்குள் ஏதோ முனகினார். "நாள் பூரா அலைச்சல், அசந்து தூங்குகிறார் என்று நினைத்தேன்" என்றார் மனைவி. விரலில் குத்திப் பார்த்தபோது 38. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார். சட்டைப் பையில் மாத்திரை அட்டை, அதில் அன்றைக்கு இரண்டு குழிகள் காலி. அந்த அம்மாள் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

மாத்திரை சாப்பாட்டுக்குக் கட்டும் அபராதம் அல்ல. கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் வேலை. அன்று இரண்டு கரண்டி கூடுதலாக உண்டுவிட்டீர்களா? மாலையில் நடங்கள், இரவில் சோற்றைக் குறைத்துக் காயும் பருப்பும் உண்ணுங்கள். சாப்பிடாமல் மட்டும் படுக்காதீர்கள். மாத்திரையின் அளவைத் தொடவே தொடாதீர்கள்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையும் வெல்லமும் வேகமாக உதவாது. குளுக்கோஸ்தான் வேண்டும், வாங்கி வைத்திருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் காலை 7 மணிக்கு இன்சுலின். பொங்கல் பொங்கிப் படைக்க 10 மணி ஆகிவிடும். படைக்கும் முன் சாப்பிட மாட்டேன் என்கிறார். (சேலம் வாசகர்)

உணவோடு சேர்ந்த ஊசி என்றால், உணவு கைக்கு எட்டும் முன் போடக்கூடாது. ஊசியைப் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் அடுப்பின் முன் நிற்பது நேரே தாழ்சர்க்கரைக்குப் போகிற வழி. 7 மணிக்கே இரண்டு இட்லி கொடுத்துவிடுங்கள். நோயுள்ளவர் உண்பதை எந்தச் சாமியும் குற்றமாகக் கொள்ளாது, அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். இரவில் மட்டும் போடும் நீண்ட நேர இன்சுலின் என்றால் இந்தக் கவலை இல்லை. எது என்று நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: சாமைப் பொங்கல் அளவில்லாமல் சாப்பிடலாம்தானே?

அரிசி 100 கிராமில் 78 கிராம் மாவுச்சத்து, சாமையில் 65. சற்றுக் குறைவு, நாரும் உண்டு. அதற்காக அண்டாவில் அள்ள முடியாது. அதே கரண்டி, அதே அளவு. 2 மணி நேரம் கழித்து மீட்டரில் பாருங்கள், உங்கள் உடம்பே பதில் சொல்லும்.

கேள்வி: கடையில் "சர்க்கரை சேர்க்காத" லட்டு வாங்கலாமா?

அதில் கடலை மாவும் நெய்யும் உண்டு, பலவற்றில் பேரீச்சையும் உண்டு. அட்டையின் பின்புறம் மொத்த மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: மாட்டுப் பொங்கலன்று ஆட்டுக்கறி? (திருநெல்வேலி வாசகர்)

சாப்பிடலாம். கொழுப்பை நீக்கிய கறி நான்கைந்து துண்டு. குழம்பு ருசியாக இருக்கிறதென்று இட்லி எண்ணிக்கை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பாதித்தவர் என்றால் மருத்துவரைக் கேட்ட பிறகே. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையில் எவ்வளவு என்று எழுதியிருக்கலாம்.

கேள்வி: பனங்கிழங்கு?

அவித்தது ஒன்று. அன்று அந்த வேளைச் சோற்றில் ஒரு கைப்பிடி குறையட்டும்.