வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம், தம்பி

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து சில மாதங்கள், அகதிக் கோரிக்கை விசாரணைக்குக் காத்திருக்கிறீர்கள். தடுப்பில் நடந்தவை கனவில் வருவதால் நித்திரை இல்லை. உளவளத்துணைக்குப் போனால் ‘மனநோயாளி’ என்று பதிவாகி வழக்குக் கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். ஒரு தொழிற்பயிற்சியில் சேர்ந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடாதா என்றும் கேட்கிறீர்கள்.

உளவளத்துணைக்குப் போவதால் வழக்குக் கெடாது. உளவளத்துணையாளரிடம் நீங்கள் சொல்வதை அவர் குடிவரவு அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. யாருடைய உயிருக்காவது ஆபத்து, சிறுவர் துன்புறுத்தல், நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகளில்தான் அவர் வெளியே சொல்ல வேண்டிவரும். உண்மையில் உங்கள் சம்மதத்தோடு அவர் எழுதும் அறிக்கை வழக்குக்குத் துணையாகவும் வரலாம். சித்திரவதைக்குள்ளானவர்களுக்குத் திகதிகள் குழம்பும், கேள்வி கேட்டவுடன் வாயடைத்துப் போகும். அது பொய் சொல்வதன் அடையாளம் அல்ல என்பதை அந்த அறிக்கை விளக்கும். உங்கள் கோரிக்கையை விசாரிக்கும் குடிவரவு அகதிகள் சபைக்கு ‘வழிகாட்டல் 8’ என்று ஒன்று இருக்கிறது. விசாரணையில் இடையிடையே ஓய்வு வேண்டும், பெண் அல்லது ஆண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றெல்லாம் அதன்படி கேட்கலாம். கேட்பதை விசாரணை நாளுக்கு முன்பே உங்கள் வழக்கறிஞர் மூலம் கேட்டுவிடுங்கள்.

எங்கே போவது? ரொறன்ரோவில் சித்திரவதையால் பாதிக்கப்பட்டோருக்கான கனேடிய நிலையம் இருக்கிறது. 1977இல் வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்து தொடங்கிய முயற்சி அது. உங்களைப் போன்றவர்களுக்கென்றே இருப்பதால், ஏன் வந்தீர்கள் என்று நீங்கள் நீட்டி விளக்க வேண்டியிருக்காது. சமூக சுகாதார நிலையங்களிலும் கேட்கலாம். ஓகிப் என்ற ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதி அட்டை இல்லாதவர்களையும் அங்கே பார்ப்பார்கள். எதுவும் பிடிபடாவிட்டால், சமூக சேவைகளுக்கு வழிகாட்டும் தொலைபேசி இலக்கமான 211ஐ அழைத்துத் ‘தமிழ்’ என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

நம்மவர்கள் பலர் பின்வாங்குவது மொழிபெயர்ப்பாளரை நினைத்துத்தான். ‘ஊர் ஆளாக இருந்தால் கதை பரவிவிடும்’ என்ற பயம் நியாயமானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தொலைபேசி மூலம் வேறு நகரத்தில் இருந்து ஒருவரைக் கேளுங்கள், உங்கள் பெயரை அவருக்குச் சொல்ல வேண்டாம் என்றும் கேளுங்கள். ஒருவர் பிடிக்காவிட்டால் மாற்றச் சொல்லலாம். அப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

முதல் நாளே நடந்ததையெல்லாம் கொட்டச் சொல்ல மாட்டார்கள். நித்திரை, சாப்பாடு, தலையிடி, யாருடன் இருக்கிறீர்கள், இவைதான் முதலில் வரும். பயம் எழும்போது கால் தரையில் படுவதைக் கவனிப்பது, கண்முன் இருக்கும் ஐந்து பொருட்களைப் பெயர் சொல்லி எண்ணுவது என்று சின்னப் பயிற்சிகள் தருவார்கள். சிறுபிள்ளை விளையாட்டுப் போல இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், இரவு மூன்று மணிக்குக் கைகொடுப்பது அதுதான். உடலும் மனமும் கொஞ்சம் நிதானப்பட்ட பிறகுதான் கதைக்குள் போவார்கள். போரும் சித்திரவதையும் கண்டவர்களுக்குச் செய்யும் ஒரு சிகிச்சை முறையில் தரையில் ஒரு கயிற்றை நீட்டுவார்கள். அது உங்கள் வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். பிறந்ததில் இருந்து வைத்துக்கொண்டே வரவேண்டும். கல்லுக்குப் பக்கத்தில் பூவும் கிடப்பதைப் பார்த்து அழுதவர்களை எனக்குத் தெரியும். பிறகு ஒவ்வொரு கல்லாக எடுத்து, எங்கே, எப்போது, என்ன மணம், என்ன சத்தம் என்று முறையாகக் கதைப்பார்கள். சிதறிக் கிடந்த நினைவு அப்படித்தான் ‘முடிந்துபோன ஒன்று’ ஆகிறது.

இனிப் பயிற்சி. வேலையில் மூழ்கினால் மறந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. நித்திரை இல்லாத மூளையில் பாடம் ஏறாது. அதைத் தன் திறமைக் குறைவு என்று எண்ணி இடையில் விட்டுப் போனவர்கள் நிறையப் பேர். அதற்காக வீட்டுக்குள்ளேயே இருக்கவும் வேண்டாம். உளவளத்துணையோடு சேர்த்து, பாடசாலைச் சபை நடத்தும் பகுதிநேர ஆங்கில வகுப்பில் சேருங்கள். புதிதாக வந்தவர்களுக்கு மத்திய அரசு நடத்தும் ‘லிங்க்’ ஆங்கில வகுப்புக்கு நிரந்தர வதிவிடமோ அகதி ஏற்போ வேண்டும், பாடசாலைச் சபை வகுப்புக்குக் கோரிக்கையாளரும் போகலாம். காலையில் எழுந்து போக ஓர் இடம் இருப்பதே பாதி மருந்து. கதவுக்குக் கிட்ட இருக்க விருப்பம் என்றும், தீயணைப்பு ஒத்திகை நடக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லும்படியும் ஆசிரியரிடம் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. நித்திரை ஓரளவு திரும்பிய பிறகு தொழிற்பயிற்சியைப் பார்க்கலாம்.

அப்புறம் மே மாதம். 18ஆம் திகதி முள்ளிவாய்க்கால் நினைவு நாளையொட்டியே விக்ரோறியா நாளும் வருகிறது, அன்றிரவு ஊரெங்கும் வாணவேடிக்கை வெடிக்கும். கனடா நாளான ஜூலை 1உம் அப்படித்தான். அந்த இரவுகளில் தனியாக இருக்க வேண்டாம், அறை நண்பரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் 988க்கு எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அங்கே ஆங்கிலமும் பிரெஞ்சும்தான், ஆகவே அந்த நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.