தாத்தா பால்கனியில்தான் புகைக்கிறார், பேரனுக்கு இருமல் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. மூன்று மாதமாக இரவில் இருமுகிறான், விளையாடிவிட்டு வந்தால் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறது. மாமனார் சிகரெட் பிடிப்பார், ஆனால் பால்கனியில்தான். கணவர் காரில் மட்டும், அதுவும் கண்ணாடியை இறக்கிவிட்டு. ஏர் ப்யூரிஃபையர் வாங்கினால் சரியாகிவிடும் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். பரிசோதனை நிலையத்தில் "நுரையீரல் பேக்கேஜ்" என்று ஒன்றும், உடம்பில் நிகோடின் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கும் சோதனையும் எடுக்கச் சொல்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: அம்மா, அந்த இரண்டு பேருக்கும் இப்போது பணம் கட்டாதீர்கள். மூன்று மாத இருமல், ஓடினால் விசில் சத்தம் என்றால் பையனை நேராக மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆஸ்துமாவாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதைப் பார்க்க ஸ்பைரோமெட்ரி என்று ஊதிப் பார்க்கும் ஒரு சோதனை உண்டு. ஒரு தடவை ஊதச் சொல்வார்கள், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுக்க வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள், இரண்டாவது அளவு நன்றாகக் கூடியிருந்தால் விடை தெரிந்துவிடும். இருமல் இவ்வளவு நாள் நீடிப்பதால் ஒரு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லலாம். அதை அவர் பையனின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்ட பிறகு சொல்லட்டும். பையன் முகத்தையே பார்க்காமல், எல்லோருக்கும் ஒரே பட்டியல் என்று பேக்கேஜ் போட்டு விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதில் சி.டி. ஸ்கேனையும் சேர்த்துவிடுகிறார்கள், வளர்கிற பிள்ளைக்குத் தேவையில்லாத கதிர்வீச்சு அது.

சரி, புகைக்கு வருவோம். பால்கனியில் பிடிப்பது ஹாலில் பிடிப்பதைவிட நிச்சயமாகத் தேவலை. ஆனால் அதோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பெரியவர்கள் வெளியே நின்று மட்டும் புகைக்கிற வீட்டுப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தபோதும், யாருமே புகைக்காத வீட்டுப் பிள்ளைகளைவிட அவர்கள் உடம்பில் நிகோடினின் தடயம் அதிகமாகவே இருந்திருக்கிறது. கதவிடுக்கிலும் ஜன்னலிலும் புகை உள்ளே வருகிறது, புகைத்து முடித்து உள்ளே வருபவரின் மூச்சில் கொஞ்ச நேரத்துக்கு அது இருக்கிறது, சட்டையிலும் சோஃபாவிலும் திரைச்சீலையிலும் படிந்த நிகோடின் நாள் கணக்கில் போவதில்லை. சிகரெட்டின் நுனி சும்மா கனன்றுகொண்டிருக்கும்போது வருகிற புகைதான் பக்கத்தில் இருப்பவர் இழுப்பதில் பெரும்பங்கு, அது குறைந்த சூட்டில் அரைகுறையாக எரிந்து வருவதால் அதில் நச்சு இன்னும் கூடுதல். மொத்தத்தில் அந்தப் புகையில் 7,000க்கு மேற்பட்ட வேதிப்பொருட்கள், அதில் 70 வரை புற்றுநோய் உண்டாக்குபவை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது பால்கனி இல்லை, கார். கண்ணாடியை இறக்கினால் புகை வெளியே போய்விடும் என்பது எல்லோரும் நம்புகிற விஷயம், அளந்து பார்த்தால் அப்படி இல்லை. அவ்வளவு சின்ன இடத்தில் ஒரே ஒரு சிகரெட் பற்றவைத்தாலும் நுண்துகள் பல மடங்கு எகிறிவிடும், ஓடுகிற காரில் காற்று புகையைப் பின் சீட்டுப் பக்கமே தள்ளுவதும் உண்டு. பையன் காரில் இல்லாத நேரத்தில் பிடித்தாலும் சீட்டில் படிந்தது அங்கேயேதான் இருக்கும். உங்கள் கணவர் இன்றைக்கே மாற்றக்கூடிய ஒன்று இது, இதற்கு ஒரு பைசா செலவில்லை.

பதினைந்து வயதுப் பையன் பெரியவன் ஆகிவிட்டானே, சின்னக் குழந்தைக்குத்தானே ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். நுரையீரல் பெண்களுக்குப் பதின்ம வயதின் கடைசி வரையும், ஆண்களுக்கு இருபதுகளின் தொடக்கம் வரையும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த வளர்ச்சியில் இப்போது குறைகிற பங்கைப் பின்னால் முழுசாக மீட்பது கஷ்டம், வயதாக ஆக எல்லோருக்கும் குறைவது அந்தக் குறைந்த இடத்திலிருந்துதான் தொடங்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குப் புகைபட்டால் இளைப்பு அடிக்கடி வரும், மருந்தும் எதிர்பார்த்த அளவு கேட்காது. ரத்தக்குழாயின் உள்சுவர் விரிந்து கொடுக்கும் தன்மை குறைவது புகைபடும் சிறுவர்களிடமே தெரிந்திருக்கிறது. அமெரிக்காவில் 12 முதல் 19 வயது வரை உள்ளவர்களைப் பார்த்த ஆய்வு ஒன்று 2011ல் வந்தது, அடுத்தவர் புகைபட்டவர்களிடம் செவித்திறன் குறைவு கூடுதலாக இருந்தது, அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவே இல்லை. எதிர்த்திசையிலும் ஒரு சாட்சி இருக்கிறது: ஸ்காட்லாந்தில் 2006ல் பொது இடங்களின் உள்ளே புகைப்பதைத் தடை செய்த பிறகு, ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு சுமார் 18 சதவீதம் என்ற அளவில் இறங்கியது.

இப்போது அந்த ஏர் ப்யூரிஃபையர் மெஷின். அதில் இருக்கும் ஹெப்பா ஃபில்டர் என்ற நுண்வடிகட்டி துகள்களைப் பிடிக்கும், பொய்யில்லை. ஆனால் புகை என்பது துகள் மட்டுமா? கார்பன் மோனாக்சைடு, ஃபார்மால்டிஹைடு, நிகோடின் ஆவி எல்லாம் வாயு, அவை ஃபில்டருக்குள் நுழைந்து அப்படியே வெளியே வரும். கரித்தூள் அடுக்கு இருக்கிறது என்பார் விற்பனையாளர், அது கொஞ்சம்தான் பிடிக்கும், சீக்கிரம் நிரம்பியும் விடும், நிரம்பியதை உங்களுக்குச் சொல்ல யாரும் வரமாட்டார்கள். இதில் மோசமான வகை "ஓசோன் விட்டு வாடையைப் போக்கும்" என்று விற்கப்படுவது. ஓசோன் மூச்சுக்குழாயை நேரடியாக எரிச்சலூட்டும், இளைப்பு இருக்கிற பையன் அறையில் அதைக் கண்டிப்பாக வைக்காதீர்கள். வாடை போய்விட்டால் புகையும் போய்விட்டது என்று நம்பி வீட்டுக்காரர்கள் மறுபடி உள்ளே பற்றவைக்க ஆரம்பிப்பதுதான் இந்த மெஷின்களால் வரும் பெரிய கேடு. கட்டடங்களின் காற்றோட்டத்துக்குத் தரம் வகுக்கும் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரே 2005லேயே சொல்லிவிட்டது, உள்ளே புகைப்பதை நிறுத்துவதைத் தவிர வேறு பொறியியல் வழி இல்லை என்று. உலக சுகாதார அமைப்பின் புகையிலை ஒப்பந்தத்தின் 2007 வழிகாட்டுதலும் அதையேதான் சொல்கிறது. இத்தனை வருடம் ஆகியும் இந்தப் பெட்டிகளைப் "புகைக்குத் தீர்வு" என்று விளம்பரம் செய்ய விட்டுவைத்திருக்கிறார்களே, இதைக் கேட்க ஒரு அதிகாரி இல்லையா?

நிகோடின் சோதனை பற்றி. அவர்கள் பார்ப்பது கோட்டினின் என்ற பொருளை, நிகோடின் உடம்பில் சிதைந்து உண்டாவது. பெரும்பாலான வீடுகளுக்கு இது வேண்டாம், வீட்டில் புகைக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அளந்து என்ன ஆகப்போகிறது. ஒரே ஒரு நிலையில் இதற்கு உண்மையான பயன் உண்டு, அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பையனுக்கு ஆஸ்துமா உறுதியாகி, இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறான் என்று மருத்துவர் கண்ணால் பார்த்து, தினமும் தவறாமல் எடுத்தும் இளைப்பு அடங்கவில்லை, வீட்டில் எல்லோரும் "நிறுத்திவிட்டோம்" என்கிறார்கள் என்றால், அப்போது புகை எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறதா என்று அறிய இது உதவும். அதிலும் ஒரு சிக்கல்: கோட்டினின் சுமார் 16 முதல் 20 மணி நேரத்தில் பாதியாகக் குறையும், ஆகவே கடைசி இரண்டு மூன்று நாள் கதையை மட்டுமே சொல்லும். வார விடுமுறை முழுக்க வேறு வீட்டில் இருந்துவிட்டு வந்த பையனிடம் திங்கட்கிழமை எடுத்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் காட்டும், ஆகவே வழக்கமாக வீட்டில் இருக்கிற வாரத்தின் நடுவில் எடுக்க வேண்டும். புகைப்பதை நிறுத்த உதவும் நிகோடின் பேட்சையோ சூயிங்கத்தையோ தாத்தா பயன்படுத்தினால் பேரனுக்கு இது ஏறாது, அங்கே புகையே இல்லை. ஆனால் பையனே ரகசியமாக வேப் எனும் இ-சிகரெட் இழுத்தால் ஏறும். அதனால்தான் மகனைக் கையும் களவுமாகப் பிடிக்கும் கருவியாக இதைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறேன். அவனுக்குத் தெரியாமல் எடுத்தால் அப்புறம் எந்த உண்மையும் உங்களிடம் வராது.

மாமனாரிடம் பேசுவது உங்களுக்குத் தர்மசங்கடம் என்று புரிகிறது. கணவர் பேசட்டும், தானும் நிறுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டே பேசட்டும். நிகோடின் பேட்ச், சூயிங்கம், வரெனிக்ளின் போன்ற மருந்துகள், கூடவே ஆலோசனை, இவற்றோடு நிறுத்துபவர்களுக்கு வெற்றி வாய்ப்பு தெளிவாகவே கூடுகிறது. இந்த இடத்தில் இன்னொரு தரகர் வருவார், இ-சிகரெட்டுக்கு மாறிவிடுங்கள், அது வெறும் நீராவி, பேரன் பக்கத்திலேயே இழுக்கலாம் என்று. அது நீராவி இல்லை, நிகோடினும் மிக நுண்ணிய துகளும் கலந்த மூடுபனி, இளைப்பு உள்ள பிள்ளை பக்கத்தில் அதற்கும் இடமில்லை. முழுசாக நிறுத்தும்வரை தாத்தா வாசலுக்கு வெளியே தள்ளி நின்று பிடிக்கட்டும், பால்கனிக் கதவுப் பக்கம் வேண்டாம், உள்ளே வந்ததும் சட்டையை மாற்றட்டும். வீட்டுக்குள் எந்தச் சட்டமும் வந்து உங்களுக்காக நிற்காது, மருத்துவமனைகளிலும் பையனிடம் "நீ புகைக்கிறாயா" என்று கேட்பதோடு விட்டுவிடுகிறார்கள், "உன் பக்கத்தில் யார் புகைக்கிறார்கள்" என்று கேட்பவர் குறைவு. ஆகவே காரையும் பால்கனியையும் நீங்களே மருத்துவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பையனுக்கு எப்போதாவது மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் அந்த மருத்துவருக்கும் இது முன்கூட்டியே தெரிய வேண்டும், புகைபடும் பிள்ளைகளுக்கு அப்போது மூச்சுச் சிக்கல் வருவது அதிகம்.

மருத்துவரைப் பார்க்கும் நாள் வருவதற்குள் அவன் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே இழுத்தாலோ, உதடு நீலமானாலோ காத்திருக்க வேண்டாம், எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.